முதியோர் விழுதல்: முற்றும் எச்சமும்

இலக்கணம் கற்ற எவர்க்கும் முற்று, எச்சம் என்னும் இரண்டும் தெரியும். பொருள் முடிந்து நிற்பது முற்று. முடிக்கும் சொல்லை அவாவி நிற்பது எச்சம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்ற வாக்கியத்தில் ‘நிறைந்தது’ முற்று, ‘பெய்து’ வினையெச்சம். குளம் நிறைந்தமைக்கு மழை பெய்தமை காரணம். ஆதலால் ‘பெய்து’ என்பது ஈண்டுக் காரணப் பொருளில் வந்தது என்று ஆசிரியர் சொல்வார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்வார். பெரும்பாலும் வகுப்பறையோடு நின்றுவிடும் அந்தப் பாடத்தை இன்று வீட்டுக்குள் எடுத்துச் செல்வோம்.

‘ஆச்சி விழுந்துவிட்டா’ என்று ஒரு செய்தி வருகின்றது. இது முற்று. கேட்டவர், “எப்போது? எங்கே? பெரிய காயமோ?” என்று வினவுவர். பின்னர், “வயது போனால் அப்படித்தானே” என்று ஆறுதல் கூறுவர். அத்துடன் பேச்சும் முற்றுப்பெறும். முற்றுக்கு முன்னே நிற்க வேண்டிய எச்சம் எது என்று கேட்பார் அரியர். ஆச்சி வழுக்கி விழுந்தாரா? தடக்கி விழுந்தாரா? தலைசுற்றி விழுந்தாரா? கால் தளர்ந்து விழுந்தாரா? தமிழ்மொழி இந்த வேறுபாடுகளையெல்லாம் தனித்தனிச் சொல்லாக நமக்குத் தந்திருக்கின்றது. நாமோ நான்கு எச்சங்களையும் கைவிட்டு, ‘முதுமை’ என்னும் ஒரு பெயரை அவ்விடத்தில் வைத்துவிட்டோம். முதுமையை மாற்ற இயலாது. ஆகவே விழுதலையும் மாற்ற இயலாது என்று அமைதி கொள்கின்றோம்.

இந்த அமைதி பொல்லாதது. முதுமை மாறாதுதான், ஆனால் வழுக்கிய பாசியைத் தேய்த்து அகற்றலாம், தடக்கிய பாயைச் சுருட்டி வைக்கலாம், தலைசுற்ற வைத்த குளிசையைப் பற்றி வைத்தியரிடம் கேட்கலாம், தளர்ந்த காலுக்கு வலுவூட்டலாம். முற்று நம் கையில் இல்லை. எச்சம் பெரும்பாலும் நம் கையில் உண்டு. இக்கட்டுரை சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியன இதன் விரிவு.

எண்கள் கூறுவன

உலக சுகாதாரத் தாபனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட குறிப்பின்படி, உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கின்றனர். தற்செயலாக நேரும் காயங்களால் வரும் மரணங்களுள் வீதி விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்கே உரியது. இறப்போருள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர். அறுபது வயதைக் கடந்தோரே அவ்வாறு இறப்போருள் மிகுதியானவர். அத்தாபனத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, 65 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வரை ஆண்டுதோறும் விழுகின்றனர் என்கின்றது. 70 வயதைக் கடந்தோருள் அத்தொகை 32 முதல் 42 வரை உயர்கின்றது.

நமது நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதை அடைந்தவர். அதன் பின்னர் அப்பங்கு மேலும் வளர்ந்துள்ளது. பிள்ளைகள் கடல்கடந்து சென்ற வடபுலத்து ஊர்களில், முதியவர் இருவர் மட்டும், அன்றி ஒருவர் மட்டும் வாழும் வீடுகள் பல என்பதை நாம் எண்ணிப் பார்த்தே அறிய வேண்டுவதில்லை; தெருவில் நடந்து பார்த்தாற் போதும்.

இனி, ‘எல்லாம் வயதினால்’ என்பார்க்கு ஓர் ஆய்வை எடுத்துக் காட்டலாம். அமெரிக்காவில் மேரி ரினெற்றி என்னும் வைத்திய அறிஞரும் அவர்தம் குழுவினரும் 75 வயதைக் கடந்த 336 பேரை ஓராண்டு கவனித்து, 1988ஆம் ஆண்டு தம் முடிபை வெளியிட்டனர். நித்திரைக் குளிசை, காற்பாத நோய், கால் வலுக்குறைவு, நடையிலும் சமநிலையிலும் தளர்ச்சி முதலிய காரணங்களை அவர்கள் எண்ணினர். காரணம் ஒன்றேனும் இல்லாதவருள் நூற்றுக்கு 8 பேரே விழுந்தனர். நான்கும் அதற்கு மேலும் உடையவருள் 78 பேர் விழுந்தனர். இரு சாராரும் முதியவரே. வயது பொதுவாக இருக்க, 8க்கும் 78க்கும் இடையே நின்ற வேறுபாடு காரணங்களின் தொகையே. காரணம் ஒன்று குறையுந்தோறும் ஆபத்தும் குறைகின்றது. எல்லாவற்றையும் ஒருங்கே நீக்க இயலாதே என்று சோர்ந்திருப்பவர், ஒன்றை நீக்கித் தொடங்கலாம்.

வழுக்கி

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் நீர் புழங்கும் இடம் வீட்டுக்குப் புறத்தே இருந்தது. கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளம். ஓரத்தில் உடுப்புத் தோய்க்கும் கல். வாழையடிக்கு ஓடும் வாய்க்கால். ஐப்பசி கார்த்திகை மாரியில் நாலு நாள் வெயில் படாதிருந்தால் அத்தளத்திற் பாசி படரும். இளையவர் அதன்மேல் நடந்து கால் வழுக்கினாலும் மறுகால் விரைந்து வந்து தாங்கிவிடும். முதியவர்க்கு மறுகால் வந்து தாங்குமுன் உடல் தரையை அடைந்துவிடும். வழுக்கல் இருவர்க்கும் ஒன்றே, மீட்சிதான் வேறு.

இன்று பல வீடுகளிற் குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளிநாட்டில் வாழும் மக்கள் பெற்றோர் வசதியாக இருக்க வேண்டுமென்று பணம் அனுப்புகின்றனர். அப்பணத்தில் ‘ரைல்ஸ்’ எனப்படும் தரையோடு பதிக்கின்றனர். முகம் பார்க்கத்தக்கதாக அது பளபளக்கின்றது. அதன்மேற் சவர்க்கார நீர் பட்டால், பாசி படர்ந்த கிணற்றடிக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. பாசியாவது பச்சை நிறத்தால் தன்னைக் காட்டிக் கொடுக்கும். ஓட்டின்மேல் நின்ற நீர் கண்ணுக்குத் தெரியாது. அன்பு விரித்த தரையே ஆபத்தாய் முடிவது வருந்தத்தக்கது. குளியலறைக்குச் சொரசொரப்பான ஓடே பொருந்தும். முன்னரே பளபளப்பான ஓடு பதித்தவர், தரையைப் பற்றிக்கொள்ளும் இறப்பர் விரிப்பை இடலாம். கிணற்றடித் தளத்தை மாரிக்கு முன்னரும் மாரியிலும் தும்புத்தடி கொண்டு தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

மலசலகூடத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் உறுதியான பிடிகம்பி வேண்டும். துவாய் போடும் கம்பி பிடிகம்பி அன்று; அது துவாயின் நிறையைத் தாங்குமேயன்றி ஆளின் நிறையைத் தாங்காது. குந்தியிருக்கும் மலசலகூடத்திலிருந்து எழுவது தளர்ந்த முழங்காலுக்குப் பெருந்துன்பம். எழும்போது கையாற் பற்றுதற்கு ஒன்றும் இல்லையாயின் துன்பம் ஆபத்தாகும். நின்று குளிப்பதினும், கால் நழுவாத உறுதியான முக்காலியில் இருந்து குளித்தல் நன்று.

இவையெல்லாம் சிறு செயல்கள். எனினும் பயன் சிறிதன்று. வீட்டிலுள்ள ஆபத்துகளைத் தேடி நீக்குதல் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிக் கொக்ரேன் அமைப்பு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீடு, இச்செயலால் விழுதல் நூற்றுக்கு 26 பங்கு குறைகின்றது என்கின்றது. முன்னர் விழுந்தவர் போன்று ஆபத்து மிக்கவரிடையே அது 38 பங்கு குறைகின்றது.

தடக்கி

தடக்குவன எவை என்று அறிய, வீட்டை நமது கண்ணாற் பார்த்தல் போதாது. முதியவரின் காலாற் பார்த்தல் வேண்டும். நாம் எண்ணாமலே தாண்டும் நிலைப்படி, காலை உயர்த்தித் தூக்க இயலாதவர்க்கு ஒரு மதில். வாசலிற் கால் துடைக்க இட்ட சாக்கு, விளிம்பு சுருண்ட பாய், மின்விசிறியிலிருந்து அறைக்குக் குறுக்கே ஓடும் கம்பி, விறாந்தையிற் பிள்ளை விட்டுப்போன விளையாட்டு வண்டி ஆகிய இவையெல்லாம் அத்தகையனவே. நிலத்தில் இழுபடும் சேலைத் தலைப்பும், கணுக்காலுக்குக் கீழே இறங்கிய சாரமும் தாம் அணிந்தவரையே தடக்குவன. தேய்ந்து மெலிந்த அடியும் தளர்ந்த வாரும் உடைய இறப்பர்ச் செருப்பு, காலைக் காப்பதுபோலக் காட்டிக் காலை வாரிவிடும். பாதத்தைப் பற்றி நிற்கும் செருப்பே முதியவர்க்கு ஆகும்.

தடக்குவனவற்றை மறைப்பது இருள். முதியவர் இரவில் இரண்டு மூன்று முறை எழுதல் இயல்பு. கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை அவர் செல்லும் வழியை அந்நேரத்தில் ஒருமுறை நாமும் நடந்து பார்ப்போமாயின், விளக்கின் ஆளி எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்பது விளங்கும். இருளைக் கடந்து சென்றே விளக்கை ஏற்ற வேண்டியிருக்குமானால் அவ்விளக்கினாற் பயன் என்னை? படுக்கையருகே கையெட்டும் இடத்தில் ஆளியோ மின்சூளோ வேண்டும். வழியிற் சிறு விளக்கொன்று இரவு முழுவதும் எரிதல் இன்னும் நன்று. படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று தீட்டினால், ஒரு படி எங்கே முடிகின்றது என்பது மங்கிய கண்ணுக்கும் புலனாகும்.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். மேற்பாதி தூரப் பார்வைக்கும் கீழ்ப்பாதி வாசிப்புக்கும் அமைந்த மூக்குக் கண்ணாடியை நம் ஆசிரியர் பலர் அணிகின்றனர். அதனை அணிந்து படியிறங்குவோர் குனிந்து பார்க்கும்போது வாசிப்புக் கண்ணாடியின் வழியாகவே படியைப் பார்க்கின்றனர். படி கலங்கித் தோன்றுகின்றது. இத்தகையோர் வெளியே நடக்கத் தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுதல் நல்லது. கண்புரை உடையவர் சத்திரசிகிச்சையை ஒத்திப்போடுதலும் தவறு. எழுபது வயதைக் கடந்த பெண்களிடையே இங்கிலாந்தில் நிகழ்ந்து 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முதற் கண்ணிற் புரையை விரைந்து அகற்றியோர் விழுதல், காத்திருந்தோர் விழுதலினும் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது.

தலைசுற்றி

படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது குருதி கால்களை நோக்கி இறங்குகின்றது. இளமையில் இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதனை மேலே செலுத்தும். முதுமையில் அச்செயல் தாமதமாகின்றது. மூளைக்குச் செல்லும் குருதி சற்றே குறைய, கண் இருள்கின்றது; தலை சுற்றுகின்றது. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் குருதியமுக்கத்தை அளந்து பார்த்தால் வைத்தியர் இதனை அறிந்துகொள்வர். மேலளவு 20 அலகோ அதற்கு மேலோ இறங்கின் அது கவனிக்கத்தக்கது. வீட்டிற் செய்யத்தக்கது எளிது. விழித்ததும் எழுந்து ஓடாது, கட்டிலின் விளிம்பிற் சிறிதுநேரம் இருந்து, கணுக்கால்களைப் பலமுறை மேலும் கீழும் அசைத்து, பின்னர் ஒன்றைப் பற்றிக்கொண்டு எழுதல் வேண்டும்.

குருதியமுக்கத்தைக் குறைக்கும் குளிசை, சிறுநீரைப் பெருக்கும் குளிசை, நித்திரைக் குளிசை, மனவமைதிக்குரிய குளிசை ஆகியன தலைசுற்றலையோ தள்ளாட்டத்தையோ தரக்கூடும். நித்திரைக் குளிசை இரவோடு நிற்பதில்லை. காலையிலும் காலிற் கிடக்கும். நியூசிலாந்தில் நிகழ்ந்து 1999இல் வெளியான ஆய்வொன்றில், நித்திரைக்கும் மனத்துக்குமான குளிசைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய முதியோரிடையே விழுதல் நூற்றுக்கு 66 பங்கு குறைந்தது. இதனை வாசித்தவுடன் எவரும் தாமாகக் குளிசையை நிறுத்திவிடுதல் ஆகாது. திடீரென நிறுத்துதலாலும் தீங்கு உண்டு. பல வைத்தியர் பலகாலத்தில் எழுதிய குளிசைகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு ஒரு வைத்தியர்முன் வைத்து, “இவற்றுள் இன்றும் வேண்டியவை எவை?” என்று கேட்டலே முறை.

விரதம் நம் முதியோர் வாழ்வோடு கலந்தது. கந்தசட்டி ஆறுநாளும் உபவாசம் இருப்போர் இன்றும் உளர். அவருட் சிலர் நீரிழிவுக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர். உணவின்றி அம்மருந்தை மட்டும் எடுத்தால் குருதியிற் சீனி மிக இறங்கி மயக்கம் வரலாம். நீரும் அருந்தாது வெயிலிற் கோயில் வீதியை வலம்வருவோர்க்கு இவ்வாபத்து இரட்டிக்கின்றது. விரதத்தை விடுக என்று கூறுதல் எம் நோக்கமன்று. விரதம் தொடங்குமுன் வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவை வரையறுத்துக்கொள்ளுதல் விரதத்துக்கு முரண் ஆகாது.

தளர்ந்து

நான்காவது எச்சம் மெல்ல வருவது. ஆதலால் எவர் கண்ணிலும் படாதது. தொடைத் தசை சிறுகச் சிறுகக் குறைகின்றது. கதிரையிலிருந்து எழுவோர் முதலிற் கையை ஊன்றுவர். பின்னர் இருமுறை முயன்று எழுவர். இவை அறிகுறிகள். வைத்தியர் கையாளும் எளிய சோதனை ஒன்று உண்டு. கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் இருத்தல் வேண்டும். இதற்குப் 12 விநாடியோ அதற்கு மேலோ எடுப்பவர் விழும் ஆபத்துடையவர் எனக் கொள்வர்.

மற்றோர் அறிகுறி நுட்பமானது. 1997இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் லுண்டின்-ஒல்சனும் பிறரும் முதியோர் 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தனர். 12 பேர், பேசத் தொடங்கியதும் நடையை நிறுத்திவிட்டனர். அப்பன்னிருவருள் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தனர். நடத்தல் இயல்பாக நிகழும் வரை மனம் பிறிதொன்றிற் செல்லலாம். நடத்தலே மனம் முழுவதையும் வேண்டும்போது பேச்சுக்கு இடமில்லை. கோயிலுக்கோ சந்தைக்கோ உடன்வரும் தந்தையார், கேட்ட கேள்விக்கு நின்று விடை சொல்வாராயின், அதனை வெறும் பழக்கம் என்று விட்டுவிடுதல் ஆகாது.

இத்தளர்ச்சிக்கு மருந்து அசைவு. 2019இல் வெளியான கொக்ரேன் மதிப்பீடு 108 ஆய்வுகளை, அவற்றிற் பங்கேற்ற 23,000க்கு மேற்பட்ட முதியோரைத் தொகுத்து நோக்கியது. சமநிலையையும் கால் வலுவையும் வளர்க்கும் பயிற்சி விழுதலை நூற்றுக்கு 23 பங்கு குறைத்தது என்பது அதன் முடிபு. பயிற்சிக்குப் பெருஞ்செலவு வேண்டா. உறுதியான மேசையைப் பற்றி நின்று குதிகாலை உயர்த்தி இறக்குதல், கதிரையிலிருந்து கையூன்றாது எழுந்து இருத்தல், துணையொருவர் அருகே நிற்க ஒரு காலை மற்றக் காலின் முன் வைத்து நிற்றல் முதலியன போதும். வாரத்துக்குப் பலமுறை, விடாது செய்தல் வேண்டும் என்பதே நிபந்தனை.

அஞ்சி

நான்கு எச்சம் சொன்னோம். ஐந்தாவது ஒன்று உண்டு. அது மற்றவற்றினும் கொடியது. விழுந்தவர் அஞ்சுகின்றார். மீண்டும் விழுவேனோ என்பது ஓர் அச்சம். விழுந்ததைச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்களோ என்பது மற்றோர் அச்சம். முதல் அச்சத்தால் அவர் நடையைக் குறைக்கின்றார். நடை குறையக் கால் தளர்கின்றது. கால் தளர மீண்டும் விழுகின்றார். இரண்டாவது அச்சத்தால் விழுந்ததையே மறைக்கின்றார். முழங்கையில் நீலம் பாய்ந்திருக்கக் கண்டு கேட்டால், “கதவு பட்டது” என்பார். ஒருமுறை விழுந்தவர் மறுமுறை விழுதற்கு வாய்ப்பு மிகுதி. ஆதலால் மறைக்கப்பட்ட அம்முதல் விழுகையே நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கை.

அவர் ஏன் மறைக்கின்றார்? நமது அன்பை அவர் அறிவார். அந்த அன்பு என்ன செய்யும் என்பதையும் அறிவார். “நீங்கள் பேசாமல் இருங்கோ அம்மா, நாங்கள் எல்லாம் பார்க்கிறோம்” என்று சொல்லி, நாம் அவரைச் சாய்மனைக் கதிரையில் இருத்திவிடுவோம். பூக்கொய்யச் செல்வதைத் தடுப்போம், அடுக்களையைப் பூட்டுவோம், கோயிலுக்குத் தனியே போகாதீர்கள் என்போம். ஆறு மாதம் இவ்வாறு இருத்தப்பட்டவரின் கால் எழும் வலுவை இழக்கின்றது. விழாமற் காக்க வேண்டுமென்று செய்தது விழுவதற்குக் காரணமாகின்றது. ஆகவே நீக்க வேண்டியது ஆபத்தை, நடையை அன்று. பூக்கொய்யப் போகும் வழியிலுள்ள கல்லை அகற்றுக, பூக்கொய்வதைத் தடுக்கற்க.

கோல்

இவ்விடத்திற் புறநானூற்றுப் புலவர் ஒருவரை நினைத்தல் தகும். அவர்தம் இயற்பெயர் இன்று நமக்குத் தெரியாது. தம் பாட்டில் முதியவர் ஊன்றிய கோலைக் குறித்து ஆண்ட தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் பெற்றார். ‘விழு’ என்பதைக் கண்டதும் விழுதலை நினைக்கும் மாணவர் உண்டு. ஈண்டு அது சிறப்பும் பெருமையும் குறிக்கும் சொல். பூண் கட்டிய தலையையுடைய சிறந்த கோல் என்பது பொருள். பெயர் மறைந்த பின்னும் ஒரு புலவரைக் கோல் தாங்கி நிற்கின்றது என்றால், அதனை ஊன்றுதற்கு நாணுவானேன்?

எனினும் நாணுகின்றனர். “பொல்லு ஊன்றினால் கிழவன் என்பார்கள்” என்று சுவரைப் பிடித்தும் கதிரையைப் பிடித்தும் நடப்போர் பலர். கோலை முதற்கண் வேண்டாம் என்பவர்க்கு அதனை இரங்கிக் கொடுத்தல் ஆகாது. மதித்துக் கொடுத்தல் வேண்டும். அளவும் பொருந்த வேண்டும். செருப்பணிந்து கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வருதல் முறை. அடியில் இறப்பர்க் குமிழ் வேண்டும். அது தேய்ந்தால் மாற்றுதல் வேண்டும். ஒரு கால் நோவுடையதாயின் கோலை அக்காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையிற் பிடித்தல் வேண்டும்.

விழுந்த பின்

இவ்வளவு செய்தும் ஒருவர் விழலாம். அப்போது அருகிலிருப்போர் முதலிற் செய்வது, கையைப் பிடித்து இழுத்து எழுப்புதல். அது தவறு. சிறிதுநேரம் அவ்வாறே கிடக்கவிட்டு, எங்கே நோகின்றது என்று கேட்டல் வேண்டும். இடுப்பிலோ தொடையடியிலோ கடுநோவு, ஒரு கால் குறுகி வெளிப்பக்கம் திரும்பியிருத்தல், அக்காலை ஊன்ற இயலாமை என்பன இடுப்பெலும்பு முறிவின் அறிகுறிகள். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாது, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் வேண்டும். தலையில் அடிபட்டவர், சிறப்பாகக் குருதி உறைவதைத் தடுக்கும் குளிசை எடுப்பவர், நலமாகத் தோன்றினும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்கிற்கும் வந்த ‘சுவசெரிய’ நோயாளர் காவு வண்டியை 1990 என்னும் இலக்கத்திற் கட்டணமின்றி அழைக்கலாம்.

தனியே இருப்பவர்க்கு வேறோர் ஆபத்து உண்டு. விழுந்த காயம் சிறிதாயினும், எழ இயலாது நெடுநேரம் தரையிற் கிடத்தல் உயிர்க்கு இறுதியாகலாம். இங்கிலாந்தில் ஐசாக்சும் பிறரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமணிக்கு மேல் தரையிற் கிடந்தோருள் அரைவாசிப் பேர் ஆறு மாதத்துள் இறந்தனர். ஆகவே கைத்தொலைபேசி மேசையில் அன்றி மடியிலோ கழுத்திலோ இருத்தல் வேண்டும். காலையும் மாலையும் அயலவர் ஒருவர் “அம்மா, சுகமோ?” என்று வேலியால் ஒரு குரல் கொடுத்தல் எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. காயமில்லை எனத் தெளிந்தவர், ஒருபக்கம் புரண்டு, முழங்காலிலும் கையிலும் ஊன்றி, உறுதியான கதிரையை அணுகி, அதனைப் பற்றி எழும் முறையைத் துணையுள்ளபோதே பழகிவைத்தல் நன்று.

நாம் செய்யத்தக்கது

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மேற் சுமத்துகின்றது. சட்டம் வாசல் வரை வரும். கிணற்றடிப் பாசி வரை வாராது. அங்கே செல்ல வேண்டியவர் வீட்டாரே.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். உயர் வகுப்பு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி கொடுக்கும்போது, ‘என் வீட்டில் அம்மம்மா நடக்கும் வழி’ என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். மாணவர் பேத்தியாரின் பின்னே கட்டிலிலிருந்து கிணற்றடி வரை நடந்து, கண்டதை எழுதட்டும். நிலைப்படியின் உயரம், விளக்கின் ஆளி, பாயின் விளிம்பு, செருப்பின் அடி, குளிசைகளின் தொகை ஆகியன அவ்வேட்டில் வரும். சொல்வளமும் வளரும், வீடும் திருந்தும்.

மாணவர்க்கும் ஒரு சொல். முதியவர் விழுந்தார் எனக் கேட்டால், “பார்த்து நடந்திருக்கக் கூடாதா?” என்று கேளாதீர்கள். அது வினாவன்று; கடிந்துரை. கடிந்துரைக்குப் பிறக்கும் விடை மௌனமே. அருகில் அமர்ந்து, “எப்படி விழுந்தீர்கள் அம்மம்மா?” என்று கேளுங்கள். எழும்போதா, திரும்பும்போதா? கண் இருண்டதா, கால் வழுக்கியதா? அவர் அஞ்சாமல் விடை சொல்வார். அந்த விடையைக் கேட்டபின் எழுந்து, அன்றைக்கே ஒரு கல்லையாவது அகற்றுங்கள்.